பச்சை டிக்குகள்

மதிய வெயில் கண்ணாடியில் வழிகிறது. டீம் லீடர் கேக் கிரீமை விரலிலிருந்து நக்கிவிட்டு, அதே விரலால் என் திரையைத் தொட்டுக் காட்டுகிறார். ஆம்புலன்ஸ் அழைக்கும் வலைப்பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் எழுதிய சோதனைகள். வரிசையாகப் பச்சை டிக். மேலே எச்சில் தடம் பளபளக்கிறது. "ஒண்ணுகூட ஃபெயில் ஆகல, பாத்தியா?" சோதனைக் கோப்பைத் திறக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: ஒன்று, ஒன்றுக்குச் சமமா? பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தின் நிரலிலிருந்து 'அழை' பொத்தானையே அழித்துவிட்டு, சோதனையை மறுபடி ஓட்டுகிறேன். பொத்தான் இருந்த இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. டிக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன. "அட, நீ கை வச்சும் கல்லு மாதிரி நிக்குதே!" என்று என் தோளில் தட்டுகிறார். அந்தக் கை இன்னும் பிசுபிசுக்கிறது.