பட்டினி கிடந்த கெளுத்திகள்

பாஷாவின் கெளுத்தி மீன்கள் பன்னிரண்டு நாளாக இரையைத் தொடவில்லை. நைல் கரையோர அந்தச் சின்னச் சிறையில் அதுதான் அப்போதைய பெரிய கவலை.

சிறைத் தலைவர் மம்தூஹ் பாஷாவின் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஆறு கெளுத்திகள், வயிற்றை மேலே காட்டித் தலைகீழாக நீந்தும் சாதி. புதிதாக வருகிறவர்கள் செத்துவிட்டன என்று பதறுவார்கள். பாஷா விழுந்து விழுந்து சிரிப்பார். இப்போது அவர் சிரிப்பதில்லை. எல்லார் கண்முன்னாலும் இரை போடுவார். கெளுத்திகள் மீசையைக்கூட அசைக்காது.

“அந்த ஷஹாத்தாவைக் கூட்டிட்டு வா. உள்ளே வர்றதுக்கு முன்னாடி வளர்ப்பு மீன் கடை வெச்சிருந்தவன்தானே?” என்றார் பாஷா.

தலைமைக் காவலர் பயூமி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஷஹாத்தா மீன் விற்றது கொஞ்ச காலம்தான். சிறையை உடைத்துக்கொண்டு ஓடுவதுதான் அவனுடைய முழுநேரத் தொழில். போன முறை பயூமியின் காவலிலிருந்தே ஓடினான். அதில் அவர் தோளிலிருந்து ஒரு பட்டை போயிற்று. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். இன்னொரு முறை ஓடினால் பென்ஷனும் அவனோடு சேர்ந்து ஓடிவிடும்.

“வேணாம் பாஷா. அவன் சாவித் துவாரத்துல நுழைஞ்சு போறவன்.”

“என் பிள்ளைங்க பட்டினி கிடக்குதுய்யா! நீ அவன் மேல வெச்ச கண்ணை எடுக்காதே, போதும்.”

ஷஹாத்தா வந்தான். தண்ணீரை முகர்ந்தான், விரலை விட்டுச் சூடு பார்த்தான். ஒரு கெளுத்தியை முள் குத்தாமல் லாகவமாகப் பிடித்து வயிற்றை வருடினான். பிறகு பாஷாவை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லை பாஷா. சில நாள் வைத்தியம் பார்க்கணும். சர்க்கரை தூக்கலா தினம் நாலு டீ கிடைச்சா நல்லா யோசனை ஓடும்.”

அதன்பின் நாளுக்கு ஒரு கோரிக்கை. கெளுத்தி பதுங்க இடம் வேண்டும் என்று மண்சட்டி கேட்டான். மிதக்கிற இரை உதவாது, அடியில் போய் விழுகிற இரைதான் வேண்டும் என்றான். தண்ணீர் மாற்றுவதற்கு எட்டு முழம் ரப்பர் குழாய் கேட்டான். பயூமி அந்தக் குழாயையும் மதில் உயரத்தையும் மனசுக்குள் அளந்து பார்த்தார். நாலாவது நாள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.

“அது எதுக்குடா?”

“இருட்டுல மேயற மீன் அண்ணே. வெளிச்சத்துல சாப்பிடக் கூச்சப்படும், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி.”

வியாழக்கிழமை பாஷாவே உத்தரவு போட்டார். “சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கட்டடத்துல எல்லா விளக்கையும் அணைங்க. ஒரு மணி நேரம் தாழ்வாரத்துல காலடிச் சத்தமே கேட்கக் கூடாது. சாப்பிடுதான்னு பார்த்துடுவோம்.”

பயூமிக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்குத்தான் ஓடப் போகிறான்! சும்மாவும் போகமாட்டான். பாஷாவின் அறையில் இருந்த இரும்புப் பெட்டகத்தில், கோர்ட்டுக்குப் போக வேண்டிய கடத்தல் தங்கம் பாளம் பாளமாகக் கிடந்தது. அது வந்த நாளிலிருந்து வாசலில் எல்லார் பைக்கும் சோதனை.

கூரையில் நாலு பேர், ஜன்னலுக்குக் கீழே மூன்று பேர் என்று நிறுத்தினார். ஆள் போதவில்லை. வாசலில் பை சோதிக்கிறவரையும் பின்பக்க மதிலுக்கு அனுப்பினார். கடைசியாக ஷஹாத்தாவின் வலக்கையைத் தன் இடக்கையோடு சேர்த்து விலங்கிட்டார்.

ஐந்தடிக்கச் சற்று முன்னால் பாஷா ஒரு வாளியோடு கிளம்பினார். தொட்டியில் அள்ளிய அழுக்கு மணல். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“வீட்டுல கழுவி எடுத்துட்டு வரேன். நான் இங்கே நின்னா பிள்ளைங்க என்னையே பார்த்துட்டு இருக்கும்.”

பாஷா வாளி தூக்குவதா? பயூமி பிடுங்கிக்கொண்டார். ஒரு கையில் வாளி, மறு கையில் ஷஹாத்தா. ஈர மணல் பிணக்கனம் கனத்தது. வாசலைத் தாண்டி, காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, சல்யூட் அடித்தார்.

திரும்பி வந்ததும் விளக்குகள் அணைந்தன.

“அண்ணே, கை வேர்க்குது.”

“வேர்க்கட்டும்.”

ஒரு மணி நேரம் ஒரு யுகமாகப் போயிற்று. விளக்கு எரிந்தபோது ஷஹாத்தா பக்கத்திலேயே இருந்தான். தொட்டியின் அடியில் இரையும் போட்டது போட்டபடி கிடந்தது. பயூமிக்கு அப்பாடா என்றிருந்தது.

“ஓடவும் முடியல, வைத்தியமும் பலிக்கல. என்னடா?”

“எப்படிப் பலிக்கும்? முதல் நாளே அதுங்க வயிறு மத்தளம் மாதிரி இருந்துச்சு. தினம் காலையில நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி யாரோ மூக்குமுட்டப் போட்டிருக்காங்க.”

“அடப்பாவி, அப்பவே ஏன் சொல்லல?”

“டீ நல்லா இருந்துச்சு அண்ணே.”

“யார் போட்டிருப்பா? இந்த அறைக்கு ஒரே சாவிதான். அதுவும் பாஷாகிட்ட...”

பயூமி ஷஹாத்தாவை இழுத்துக்கொண்டே பெட்டகத்துக்கு ஓடினார். கைப்பிடியைத் தொட்டதும் கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஒரு பொட்டுத் தங்கம் இல்லை.

ஷஹாத்தா பெருமூச்சு விட்டான்.

“நானும் எத்தனையோ ஜெயில்ல இருந்து தப்பிச்சிருக்கேன் அண்ணே. ஒருத்தர்கூட சாமானைத் தூக்கிக் கார்ல வெச்சு, சல்யூட் அடிச்சு வழியனுப்பினதில்லை.”