திருத்திய இனிஷியல்

"மிஸ், அந்தப் போட்டோவை எடுத்துடச் சொல்லுங்க மிஸ்."

காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சொல்கிறாள் மலர்க்கொடி. ஆசிரியர் அறை வாசலிலேயே நிற்கிறாள். உள்ளே வரவில்லை.

லூர்துராணி மிஸ் டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தார். காட்டூரில் உள்ள அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு அவர்தான் வகுப்பாசிரியை.

"எதுக்குடி அழறே? தலை சரியா வாரலைன்னா? ஹீரோயின் மாதிரிதானே இருக்கே!"

மலர்க்கொடிக்குப் பின்னால் நின்ற அஃபீஃபாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. கோபத்தில்.

விஷயம் இதுதான். இணையத்தில் பத்திரமாக இருப்பது எப்படி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சார்ட் எழுதச் சொல்லியிருந்தார்கள். மலர்க்கொடி, அஃபீஃபா இருந்த குழுவுக்கு முதல் பரிசு.

அந்தச் சார்ட்டில் முதல் வரியை எழுதியவள் மலர்க்கொடி.

'பேர், வகுப்பு, ஸ்கூல், ஊர் – இந்த நாலையும் ஒரே இடத்தில் போடாதே.'

அநியாயத்தைப் பாருங்கள். அதே சார்ட்டோடு பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்து, பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார் தாளாளர். கீழே பேர், வகுப்பு, ஸ்கூல், ஊர். நாலும் வரிசையாக. அட்மிஷன் நடைபெறுகிறது என்று போன் நம்பரும் சேர்த்து.

படம் எடுக்கும்போது மலர்க்கொடி சார்ட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இறக்கும்மா, மூஞ்சி தெரியட்டும்" என்றார் தாளாளர்.

இறக்கினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வேறென்ன செய்யும்?

"இருபதுக்கு இருபது போட்டீங்களே மிஸ், நாங்க எழுதினதைப் படிச்சுட்டா போட்டீங்க?" என்று கேட்டேவிட்டாள் அஃபீஃபா.

"வாயாடி! உன்னை யாரு கேட்டா? போட்டது தாளாளர். அவர்கிட்டப் போய் எடுங்கன்னு நான் சொன்னா, நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்காக அவரும்தான் மூன்று நாள் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருந்தார். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் பார்த்துத் திருத்தியிருந்தார்.

மலர்க்கொடியின் இனிஷியல் உட்பட.

சார்ட்டின் மூலையில் அவள் 'இ. மலர்க்கொடி' என்றுதான் எழுதியிருந்தாள். இருளாயி என்பது அவளுடைய அம்மா பேர். டி.சி.யில் அப்பா பேர் மருதை என்று இருக்கிறதே! 'இ'யைச் சிவப்புப் பேனாவால் அடித்து 'ம' என்று மாற்றினார் மிஸ். மாற்றியதோடு விட்டாரா? ஏழாவது வந்தும் இனிஷியல் தெரியாத பிள்ளை என்று வகுப்பிலேயே சொல்லிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மலர்க்கொடி வாயைத் திறக்கவில்லை.

ஃபேஸ்புக்கில் போனது அந்தத் திருத்திய பேர்தான்.

"இங்க பாருங்கடி" என்று மிஸ் தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "முந்தாநாள் போட்டது. அதுக்குள்ள எத்தனை பேரு வாழ்த்தியிருக்காங்கன்னு கேளுங்க. இதைப் போயி எடுக்கச் சொல்றீங்களே."

ஒவ்வொன்றாக வாசித்தார். துறையூர்ப் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் வாழ்த்தியிருந்தார். குவைத்திலிருந்து அஃபீஃபாவின் மாமா, மாஷா அல்லாஹ் என்று எழுதிப் பத்துப் பூ போட்டிருந்தார். மாமா பேரைக் கேட்டதும் அஃபீஃபாவுக்கே ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அட, மலரு! உங்கப்பாவும் போட்டிருக்காருடி! எனக்கே நன்றி சொல்லியிருக்காரு!"

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கவே வாசித்தார்.

"'இது என் பொண்ணுதான். ஒன்றரை வருசமா ஆத்தாளையும் மகளையும் தேடாத ஊரு இல்ல. இனிசியலைச் சரியாப் போட்ட டீச்சருக்கு நன்றி. நாளைக்கு ஸ்கூலுக்கே வரேன்.'"

கடைசி வார்த்தைக்கு வரும்போது மிஸ்ஸின் குரல் பாதியாகிவிட்டது.

மலர்க்கொடி அப்போதுதான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அழுகை நின்றுவிட்டது.

"எங்கம்மா கையை ஒடிச்சது அவருதான் மிஸ்."

அஃபீஃபா மெல்ல நகர்ந்து வந்து மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப போட்டது மிஸ்?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

லூர்துராணி போனை மறுபடி பார்த்தார்.

"நேத்து."

எழுந்துபோய், கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்.