அலமாரிக்குள் வேலை

திருப்போரூரில் வீட்டிலிருந்தபடியே விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைப்பை ஓட்டுபவள் ரெஜினா. பஸ் ஹாரன் கேட்காத ஒரே இடம் துணி அலமாரிதான். போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்துதான் பதிவு செய்வாள். மூன்று வயது மெர்லின் வெளியே நின்று ஓயாமல் தட்டுவாள்.

"அம்மாவுக்கு வேல கீது கண்ணு. அப்பால வா."

இன்று மதியம் குழந்தை தட்டவேயில்லை. வீட்டுமனை விளம்பரத்தை நிம்மதியாகப் பேசி முடித்துவிட்டு ரெஜினா கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாளே இல்லாத கதவு திறக்கவில்லை. வெளியே கிண்ணத்தில் ஸ்பூன் படும் சத்தம் கேட்டது. பயந்துபோய்ப் படபடவென்று தட்டினாள்.

"உள்ள யாரும்மா தட்றது?" என்று மெர்லின் கேட்டாள்.

வெளியே ரெஜினாவின் குரலே பொறுமையாகப் பதில் சொன்னது:

"அவங்களுக்கு வேல கீது கண்ணு. நீ ஆ காட்டு."