மூன்றாவது கியர்

பெருமாள்மலை தாண்டியதும் கார் மறுபடியும் முரண்டு பிடித்தது.

இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு போகிறதே தவிர, மூன்றுக்கு மாற அதற்கு மனசு வரவில்லை. மேடு தணிந்த இடத்தில் ஒருவழியாக மாறியபோது, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல ஒரு குலுக்கல்.

ஆக்ஸிலியா ஓரங்கட்டி நிறுத்தினாள்.

கன்னிவாடி மாந்தோப்பில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய அமெரிக்கக் கார் அது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. மலைமேல் மூஞ்சிக்கல்லில் ஜீப்புக்கும் பைக்குக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவளுக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று ஊரே கேட்டது. மலை ரோட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா என்று டாக்ஸி ஸ்டாண்டில் சிரித்தார்கள்.

அவள் காதில் வாங்கவில்லை. தோப்பிலேயே கியர்பெட்டியை இறக்கி, பிரித்து, கழுவி, மாட்டினாள். அடிவாரத்தில் ஓட்டிப் பார்த்தபோது கியர் மாறியதே தெரியவில்லை.

இன்றைக்கு வீடுவரை ஒழுங்காக ஏறாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம், சும்மா ஆசைப்பட்டுக்கொண்டே இருக்க முடியாது என்று காலையில் சொன்னது அவள் கணவன் செல்வின்தான். பக்கத்து சீட்டில் இருந்தான்.

செல்வின் கிளாவரை மலைக்கிராமத்துக்கு பஸ் ஓட்டியவன். வண்டியில் குறை கண்டால் வாய்விட்டுச் சொல்லமாட்டான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இப்போதும் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்.

வாங்கும்போது துவண்டு கிடந்த பாக்கெட் இப்போது தலையணையாக உப்பியிருந்தது. மலையில் இருப்பவர்கள் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஆக்ஸிலியா பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. அதனால்தான் பாக்கெட் உப்புகிறது. அதே கணக்கில் என்ஜினின் காற்று இழுப்பும் குறைகிறது. அந்த இழுப்பை ஒரு ரப்பர் குழாய் வழியாக உணர்ந்துதான் எப்போது மாறலாம் என்று கியர்பெட்டி முடிவுசெய்யும். இழுப்பு குறைந்தால், இவள் ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து இருக்கிற கியரையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பாவம், அதன்மேல் தப்பே இல்லை. மலைமேல் பூண்டியில் பிறந்து வளர்ந்தவள், கீழே வைத்துத் திருகியதை அப்படியே மேலே ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நீங்க எறங்க வேணாம். வெரசா முடிச்சிருவேன்."

பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தாள். குழாயைப் பிடுங்கி, உள்ளே இருந்த சின்னத் திருகாணியை இடப்பக்கமாகக் கொஞ்சம் தளர்த்தினாள். சைலன்சர் முழங்கையைச் சுட்டது. குழாயை மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"கல்லை ஓரமாத் தூக்கிப் போட்டுரு ஆக்ஸி. பின்னால வர்றவன் ஏத்திருவான்."

பஸ் ஓட்டியவன் புத்தி எங்கே போகும்? கல்லைப் புதருக்குள் எறிந்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினாள்.

ஒன்று. இரண்டு. அடுத்த வளைவு தாண்டியதும் ரோடு கொஞ்சம் சமமானது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று.

அலறல் இல்லை, உதை இல்லை. மடியில் இருந்த பாக்கெட்கூட அசையவில்லை. செல்வின் ஜன்னலை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான்.

ஆக்ஸிலியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்ஸி ஸ்டாண்டு மொத்தமும் இந்த நிமிஷம் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

வெள்ளி அருவிக்கு முன்னால் நிறுத்தினாள். என்ஜினை அணைக்காமல் இறங்கி, சுற்றிக்கொண்டு போய், அவன் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றாள்.

அவனுக்குப் புரிந்தது. பாக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீளமான முன்சீட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஸ்டீயரிங் பக்கமாக நகர்ந்தான். பின்சீட்டில் சாய்ந்திருந்த ஊன்றுகோல்களை அவள் கீழே படுக்க வைத்தாள்.

ஸ்டீயரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்தான். வலது காலால் பிரேக்கை அழுத்தினான்.

"ஸ்டாண்டு வழியாவே போவோம்."

அந்தக் காருக்குக் கிளட்ச் கிடையாது. முழங்காலுக்கு மேலே மடித்துக் குத்தியிருந்த இடது பேன்ட் காலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.