ஐந்தும் பொருந்திய படகு

அப்பா கண்களை மூடி, கைகளை மார்பின் மேல் வைத்து நீட்டிப் படுத்திருந்தார். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அளவு நாடாவைப் பிடித்து அவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை அளந்தேன்.

"இன்னும் நாலு விரல் நீளம் இருந்தா நல்லாருக்கும்," என்றேன்.

"எனக்கு இதுவே தாராளம்டா," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். பக்கத்தில் கைகட்டி நின்ற படகுத் தரகர், இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அப்பா படுத்திருந்தது ஒரு பழைய பாய்மரப் படகின் உள்ளறையில். பஸ் கண்டக்டராக இருந்து அவரும், நர்ஸாக இருந்து அம்மாவும் ஓய்வு பெற்றதும், உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள சின்னப் படகு ஒன்று வாங்கிக் கரையோரமாக ஊர் ஊராகப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். ஒரு சட்டை எடுக்கக் கடை மூடும்வரை யோசிக்கிறவன் நான்.

காரணம் இருந்தது. அப்பா என்னை நம்பி இதுவரை ஸ்கூட்டர் சாவியைக்கூடக் கொடுத்ததில்லை. படகிலாவது சுக்கான் என் கையில் இருக்கவேண்டும், ஒரு தடவையாவது அவர் வாயால் என்னைக் கேப்டன் என்று சொல்லவேண்டும். அதற்காகவே அவர் சேர்த்துவிட்ட மாலை வகுப்புக்கு ஒரு வருடமாக ஒழுங்காகப் போய்க் கடற்பயணப் பாடம் படித்தேன். தண்ணீரே இல்லாத வகுப்பு அது. ஆசிரியர் கரும்பலகையில் அலை வரைவார். நான் அதற்கும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவேன்.

படித்ததையெல்லாம் வைத்து, படகுக்கு ஐந்து அம்சங்கள் அவசியம் என்று முடிவுசெய்திருந்தேன். தண்ணீர் வற்றினால் சேற்றில் சாயாமல் நிற்க, அடியில் இரட்டைத் தகடு. பாலத்துக்கு அடியில் போக, மடக்கிச் சாய்க்கக்கூடிய பாய்மரம். அப்பா குனியாமல் நிற்குமளவு உயரம். கழிப்பறைக்கு நிஜமான கதவு, திரைச்சீலை ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, படிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு படுக்கை. ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால் கேப்டன் துள்ளி எழுந்து மேலே ஓடவேண்டாமா?

இத்தனையும் வேண்டுமென்றால் கப்பல்தான் பார்க்கவேண்டும் என்று தரகர் முதலில் கைவிரித்தார். ஆனால் அன்று காலை பார்த்த நீலப் படகில் ஐந்தும் இருந்தன. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பாவோ உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கேட்டால் நிறம் பிடிக்கவில்லையாம்.

இந்த வெள்ளைப் படகில் நான்குதான் பொருந்தின. மூன்றாவது படுக்கை இருக்கவேண்டிய இடத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அப்பா எழுந்து வந்து அதை ஆசையாகத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு ரொம்ப நாள் வரும்," என்றார்.

மூன்று பேர் என்று திருத்தினேன். கொஞ்சம் தாமதித்து, ஆமாம் ஆமாம் என்றார். காலமெல்லாம் பஸ்ஸில் தலை எண்ணியவருக்கு இந்த வயதில் மூன்றுவரை எண்ண வரவில்லையே என்று மனது கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் காற்று ஒரு தள்ளுத் தள்ள, கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து படகு விலகத் தொடங்கியது. அம்மா மேலே போய், தரகரிடம் பேசிக்கொண்டே கரைக் கம்பத்தில் அதை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள். எத்தனையோ பேருக்குக் கட்டுப்போட்ட நர்ஸின் கையல்லவா என்று வியந்தேன். அதே முடிச்சை நான் வகுப்பில் போட்டபோது, ஆசிரியர் வந்துதான் என் கட்டைவிரலை விடுவித்தார்.

அப்பா இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். நீலப் படகுக்காக நான் வாதாடிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் பெருந்தன்மையோடு இறங்கி வந்தேன்.

"சரிப்பா. நான் தரையிலயே படுத்துக்கறேன். கேப்டனுக்குச் சொகுசா முக்கியம்?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகனின் தியாகத்தில் உருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தரகரின் அலுவலகத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். தரகர் மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்ததும் நான் கையை நீட்டினேன். சாவி என் கையைத் தாண்டி அம்மாவிடம் போனது.

"சாவியைக் கேப்டன்கிட்ட கொடுங்க சார்," என்று சிரித்தேன்.

"அவங்ககிட்டதானே தம்பி கொடுத்தேன். ஏரியில எதிர்காத்துல அம்மா படகு ஓட்டினதை நான் பாத்திருக்கேனே."

அப்பா ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார். நான் வகுப்பில் உட்கார்ந்திருந்த சாயங்காலமெல்லாம் அவர்கள் இருவரும் ஏரியில் படகோட்டப் பழகினார்களாம். நான் வீட்டில் இருந்திருந்தால் ஆபத்து ஆபத்து என்று புலம்பி, அவர்களைத் தண்ணீர்ப் பக்கமே விட்டிருக்க மாட்டேனாம். அதற்காகவே என்னை வகுப்பில் சேர்த்துவிட்டாராம்.

"அப்ப... நான்?" என்றேன்.

அம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டினாள்.

"உனக்குக் கல்யாணம் கூடி வந்தா ஒரு போன் போடுப்பா, எந்தக் கரையில இருந்தாலும் வந்துடறோம்."