யார் நிறுத்தியது

இயந்திரம் மறுபடியும் நின்றுவிட்டது.

பீப், பீப் என்று கத்தியது. டிரெட்மில்லின் மேல் சங்கிலிமுத்துவின் கால்கள் பாதி அடியில் அப்படியே நின்றன. மேலேயிருந்து தொங்கிய வார்கள் இடுப்பைப் பிடித்திருந்தன.

நடைப்பயிற்சி கொடுக்கும் ஃபௌசியா வேகமாக வந்து திரையைப் பார்த்தாள்.

"வலது கால் இழுத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். தசை இழுப்பு. மூன்றாவது முறை.

"இல்ல" என்றார் அவர்.

அவள் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்றாலும் இல்ல. பசிக்கவில்லையா என்றாலும் இல்ல. மனைவி ராஜாமணியைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான்.

சங்கிலிமுத்து இருபத்தாறு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல். நாலு மாதத்துக்கு முன்னால் டிப்போவில் கையெழுத்துப் போடும்போது பேனா நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் அந்த ஒரே காலையில் போயின.

இந்த மெஷின் இரண்டு காலிலும் இரும்புக் கால்களைக் கட்டி, மோட்டாரால் நடக்க வைக்கும்; கால் எதிர்த்தால் பீப் அடித்து நின்றுவிடும். பதினேழு நாளாக அது நடந்தது. அவர் கூடப் போனார். பார்ப்பதற்கு நல்ல நடை. அதில் ஓர் அடிகூட அவருடையது இல்லை.

இன்று கடைசி நாள். காலில் சொந்த முயற்சி இருக்கிறதா என்று ஃபௌசியா எழுதித் தரவேண்டும். இல்லையென்றால் இனிமேல் சக்கர நாற்காலிதான். வாசல்படியை இடித்துச் சரிவாகக் கட்ட, ராஜாமணி கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. இரும்புக் கால் அவர் காலைத் தூக்கியது.

அவர் மிதித்தார்.

கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி முளைத்தால் பிரேக்கை எப்படி மிதிப்பாரோ அப்படி. தொடைக்குள் எங்கோ கிடந்ததைத் தேடிப் பிடித்து மிதித்தார்.

பீப், பீப்.

"இல்ல!"

இந்த முறை கத்தினார். இடது கையால் நெஞ்சில் தட்டினார். காலைக் காட்டினார். மறுபடி நெஞ்சில் தட்டினார்.

ராஜாமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பாப்பா, இது எப்பவும் சொல்ற 'இல்ல' இல்ல. நெசமாவே இல்லங்கிறாரு."

ஃபௌசியாவின் பேனா நின்றது. அவருக்கு நேர் எதிரே வந்தாள்.

"நீங்கதான் நிப்பாட்டுறீங்களா சார்?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இருக்கிற ஒரே சொல் இதற்கு ஆகாது.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. வலது கால் அடிய நான் எண்ணுறேன். ஏழு சொன்னதும் நிப்பாட்டுங்க. அதுக்கு முந்தி கூடாது."

ஒண்ணு. ரெண்டு. அவர் காலை அதன் போக்கில் விட்டார். நாலு. ஐந்தில் தொடை தானாக நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். ஆறு.

ஏழு.

பீப்.

ஃபௌசியா மெஷினைத் திரும்ப ஓடவிட்டாள். "இப்ப பன்னெண்டு" என்றாள்.

ராஜாமணியும் எண்ணினாள், உதடு மட்டும் அசைய.

பன்னிரண்டில் நின்றது.

அறையில் பீப் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஃபௌசியா தாளை எடுத்தாள். தசை இழுப்பு என்று எழுதிய மூன்று இடத்திலும் கோடு போட்டு அடித்தாள். அடித்த கோட்டில் தாள் கிழிந்தது.

"மெஷினோட பலத்தப் பாதியாக் கொறைக்கிறேன். மிச்சம் நீங்க போடணும் சார்."

போட்டார்.

கால் தாமதமாக வந்தது. பாதம் ரப்பரில் உரசியது. முழங்கால் வெளிப்பக்கம் சாய்ந்தது. இத்தனை நாள் சீராகக் கேட்ட சத்தம் இப்போது தட், இழுத்து, தட் என்று கேட்டது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க வந்த ராஜாமணியின் கையைத் தலையைத் திருப்பித் தள்ளினார். பாதத்தை அவர் பார்க்கவேண்டியிருந்தது.

நேரம் முடிந்தது. கதவருகே அடுத்த நோயாளி வந்திருந்தார். சக்கர நாற்காலியில் சாய்ந்த உடம்பு, மடியில் மடங்கிய கை. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

ஃபௌசியா வாரை அவிழ்க்கக் கை நீட்டினாள். சங்கிலிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் சங்கடத்தோடு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நடக்கட்டும்மா" என்றார் அடுத்தவர், குழறிய நாக்கில்.

பிறகு நாற்காலியைத் தள்ளி வந்தவரிடம், தன்னை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் தள்ளச் சொன்னார்.