நீலவால் சொக்கி

தெருத்தெருவாகத் தேடிய பூனை கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில் மயக்க ஊசி போடப்பட்டுக் கிடப்பதைப் பார்த்ததும் அருள்ஜோதி மேசையருகே ஓடுகிறாள். பீங்கான் பொம்மைக்குத் தீட்ட அவள் கலக்கிவைத்த நீலச்சாயம் அதன் வாலில் இன்னும் ஒட்டியிருக்கிறது. மழித்த உச்சந்தலையில் ஒயர்கள். பாதி திறந்த கண்ணில் டியூப்லைட் வெளிச்சம். கணினித் திரையில் மூளையின் மின்னலைகள் சோம்பலாக நெளிகின்றன. "தெருப்பூனைன்னுதாம்மா புடிச்சாந்தாங்க," என்கிறார் பேராசிரியர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "எங்க வூட்டுல சோறு தின்ன பூனை சார் இது! சொக்கி... அடி சொக்கி!" திரையில் கோடு துள்ளி எழுகிறது. பேராசிரியரின் முகம் மலர்கிறது. "அருமை! இன்னொரு தடவ கூப்பிடுங்கம்மா, நல்லா பதிவாவுது." அருள்ஜோதியின் கை ஒயர்களைக் கொத்தாகப் பற்றுகிறது. "மொதல்ல இதக் கழட்டுங்க சார். வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, சோறு வெச்சுக் கூப்பிட்டுக்கறேன்."